மல்லியின் மச்சம்

"நல்ல வெள்ளை நெறமா இருக்கணும்ணே. கன்னத்துல ஒரு கறுப்பு மச்சம் கட்டாயம் வேணும். நாளைக்குள்ள கெடைக்குமா?" என்றான் ரெங்கசாமி.

திருமயம் டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். "ஏந்தம்பி, இந்த ஆவணியிலதானே ஒனக்குக் கல்யாணம் ஆச்சு? அதுக்குள்ள இன்னொண்ணு கேக்குதா?"

"ஐயோ அண்ணே, நான் கேக்குறது முயலு!"

விஷயம் இதுதான். பஸ் கண்டக்டர் ரெங்கசாமியின் மனைவி பிரகதாம்பாள் பிறந்த வீட்டுச் சீரோடு ஒரு வெள்ளை முயலையும் கொண்டுவந்திருந்தாள். பெயர் மல்லி. அதைக் குளிப்பாட்டுவதும் கொஞ்சுவதும் அவள்தான். கட்டின புருஷனுக்குக்கூடத் தொட அனுமதி கிடையாது. அவனும் முதல் பஸ்ஸுக்குப் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்புகிறவன், கூண்டை எட்டிப் பார்ப்பதோடு சரி.

அக்காவின் வளைகாப்புக்கு ஆலங்குடி போனவள், "மல்லிக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, நான் எங்கம்மா வீட்டோட இருந்துக்குவேன். சாப்பாட்டுக்கு நீங்க கிளப்புக் கடையைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மறுநாளே இந்தப் புண்ணியவான் கீரை வைக்கக் கூண்டைத் திறந்தான். முயல் அவன் காலிடுக்கில் பாய்ந்து, வேலி தாண்டி, கடலைக் கொல்லைக்குள் போயே போய்விட்டது.

பிரகதா இல்லாத வீட்டை ரெங்கசாமியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சிநேகிதன் உடையப்பனிடம் ஓடினான். உடையப்பன் மாட்டுத் தரகன். மாட்டுக்குப் பார்க்கிற லட்சணமெல்லாம் முயலுக்கும் பொருந்தும் என்பது அவன் கட்சி.

"அடையாளம் சொல்றேன், கேட்டுக்க. மேனி சுத்த வெள்ளை, கண்ணு செவப்பு, காது நெட்டை. இடது கன்னத்துல மொளகு கணக்கா ஒரு மச்சம். தீவாளிக்கு வந்தப்பப் பாத்தேன்."

"இடதா? நான் பாத்தப்ப வலது கன்னத்துலல்ல இருந்துச்சு?"

"தரகனுக்கே அடையாளம் சொல்றியா நீ? இடதுதான்!"

சரி, இடது என்றே வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற ஊரெல்லாம் விசாரித்தான். டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு முயல் முயல் என்று அலைந்ததில் டிரைவருக்கே அலுத்துப்போனது.

அன்னவாசலில் ஒருவர் மல்லியின் கூடப்பிறந்தது போல ஒரு முயலைக் கொண்டுவந்து காட்டினார். உடம்பு முழுக்கப் பால் வெள்ளை. "மச்சம் இல்லையே, வேணாங்க" என்று திருப்பிவிட்டான். "மாசு மருவில்லாம இருக்குறது ஒரு குத்தமாய்யா?" என்று அவர் திட்டிக்கொண்டே போனார்.

கடைசியில் டீக்கடைக்காரர் புண்ணியத்தில் திருமயத்திலேயே செபமாலை வீட்டில் ஒன்று கிடைத்தது. வெள்ளை மேனி, சிவந்த கண், இடது கன்னத்தில் கச்சிதமாகக் கறுப்பு மச்சம். உடையப்பன் அதைப் புரட்டிப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, "சுழி சுத்தம். ஒம் பொண்டாட்டி என்ன, மல்லியைப் பெத்த ஆத்தாளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று அடித்துச் சொன்னான்.

மறுநாள் ரெங்கசாமி லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தான். பிரகதாம்பாள் வந்ததும் வராததுமாகக் கூண்டுக்கு ஓடினாள். "ஏந் தங்கம், இப்புடி எளைச்சுட்டியே!" என்று முயலை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். தப்பித்தோமடா சாமி என்று ரெங்கசாமி மூச்சு விட்டான்.

அவள் சேலைத் தலைப்பை நனைத்து முயலின் கன்னத்தைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அப்புறம் அழுத்தித் தேய்த்தாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், பாவம்.

"ஏ பிரகதா, மச்சத்தைப் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறியே, அதுக்கு வலிக்காது?"

பிரகதாம்பாள் மெதுவாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"மச்சமா? அது நான் தெனமும் வக்கிற திருஷ்டிப் பொட்டுங்க!"