அழுத்தமான குருவி

"இதையே அழுத்தாம, மெல்லிசாக் கோடு போட்டு வேற ஒண்ணு வரைஞ்சு கொடும்மா. முதல் பரிசு உனக்குத்தான்" என்றார் ஓவிய ஆசிரியர்.

"முடியாது சார்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பின் ஆண்டுப் போட்டி. பரிசு பெறும் படம் நகரக் கண்காட்சிக்குப் போகும். ஏங்காதவர்கள் யாரும் இல்லை. பார்சல் ஆபீசில் ரசீது எழுதும் இவள் மட்டும் கிடைத்ததை எட்டி உதைக்கிறாள்!

வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் ஒரு குருவி. கழுத்தை முழுக்கத் திருப்பி, அலகை முதுகுப் பக்கம் வைத்திருந்தது. நடுவர்கள் இருவரும் அதன் முன்னால் நின்று வெகுநேரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பிரிஞ்ச கூட்டத்தைத் திரும்பிப் பார்க்குது. ஏக்கம்!" என்றார் முதல் நடுவர்.

"இல்லவே இல்லை. பின்னால பூனை வருது. பயம்!" என்றார் இரண்டாமவர்.

"என்னம்மா அர்த்தம், நீயே சொல்லேன்."

"பார்த்தா தெரியும் சார்."

இரண்டு பேருக்கும் சுருக்கென்றது.

ஆசிரியர் தாளைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, கோடெல்லாம் பின்பக்கம் புடைச்சிட்டு நிக்குது. கார்பன் வெச்சு மூணு காப்பி எழுதற கை. அந்தப் பழக்கம் போகலை."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு மெல்லிசாவும் போட வரும் சார். ஆனா போடமாட்டேன்."

"அப்போ பரிசு கிடையாது."

"சரி சார்."

படத்தை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு வெளியே நடந்தாள்.

"என்ன தலைக்கனம்!" என்றார் முதல் நடுவர்.

ஆசிரியருக்கு மனசு கேட்கவில்லை. நல்ல கை, வீணாகப் போகிறதே! இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று பின்னாலேயே போனார்.

வாசல் பெஞ்சில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, புடைத்த கோடுகளின் மேல் நிதானமாக விரலை ஓட்டினார். பக்கத்தில் மடக்கி வைத்த வெள்ளைக் குச்சி.

ஆசிரியர் அப்படியே நின்றுவிட்டார்.

"குருவிதானே? இரு, இரு, சொல்லாதே. கழுத்தை ஏன் இப்படித் திருப்பியிருக்கு... ஆங், இறக்கையைக் கோதிக்குது! ஒரு இறகு மட்டும் கலைஞ்சிருக்கு. சரியா?"

"ரொம்பச் சரி."

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"உள்ளே பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் பார்த்தாங்களே, என்ன சொன்னாங்க?"

அவள் ஆசிரியரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க அளவுக்குப் பார்க்க அங்கே யாருக்கும் வரலைங்க."