கட்டாயம் என்ற வரி

"உங்க சரக்குல ஒரு வரியைக் காணோம், சார்!"

போனில் கத்தியவர் ஒரு கல்லூரியின் பதிவாளர். பிலிப்பைன்ஸின் செபு நகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியின் குழுத் தலைவனான ஆர்னெல், போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தான்.

வாடிக்கையாளர்களே தங்களுக்கு வேண்டிய ஃபார்ம்களைக் கட்டிக்கொள்ளும் கருவிதான் அவர்களுடைய சரக்கு. ஒரு பெட்டியைத் தொட்டால் பக்கத்தில் அதன் பண்புப் பட்டியல் விரியும். அகலம், நிறம், எழுத்தளவு, கடைசியில் 'கட்டாயம்' என்று ஒரு வரி. அதில் 'ஆம்' போட்டால், அந்தப் பெட்டியை நிரப்பாமல் யாரும் ஃபார்மை அனுப்ப முடியாது.

"நடுப்பெயர் பெட்டிக்கு மட்டும் அந்த வரி வரமாட்டேங்குது. பசங்க காலியா விட்டுட்டுப் போயிடறாங்க. அஞ்சு மணிக்குள்ள வரணும். இல்லேன்னா நாங்க வேற கம்பெனி பாத்துக்கறோம்."

ஆர்னெல் சோதித்துப் பார்த்தான். ஒரு பெட்டிக்கு 'ஊர்' என்று பெயர் வைத்தான். வரி வந்தது. 'பூனை' என்று வைத்தான். அதற்கும் வந்தது. 'நடுப்பெயர்' என்று வைத்தான். போயே போச்சு.

பேய் கீய் பிடித்திருக்கிறதா என்று ப்ரோக்ராமுக்குள் தோண்டினான். பேய் இல்லை, அவன் குழுவிலேயே மூத்தவரான மிலா அக்கா இருந்தார். அந்த வரியை வேண்டுமென்றே மறைத்து, பக்கத்தில் தன் பெயரையும் எழுதி வைத்திருந்தார்.

அவனுக்குத் தலை சுற்றியது. 'எல்லாப் பெட்டிக்கும் ஒரே பட்டியல்தான். ஒரு வரி குறைஞ்சாலும் ஜனங்க குழம்பிடுவாங்க' என்று ஆபீஸையே ஆட்டி வைப்பவர் அவர். போன மாதம் ஒரு வரியை மறைத்ததற்காக ஆர்னெலையே எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியவர். அடுத்தவனுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா?

மிலா அக்கா ஓலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நடுப்பெயருக்கு அந்த வரி ஏன் வரல?"

"வராது."

"ஏதாவது பழுதா?"

"இல்ல. அது அப்படித்தான்."

"நான் மறைச்சா திட்டு, நீங்க மறைச்சா 'அப்படித்தான்'. இது என்னக்கா நியாயம்?"

"சாப்பிட விடேன்பா."

திமிர்தான், வேறென்ன? அக்காவைக் குழுவிலிருந்தே தூக்கச் சொல்லி முதலாளிக்குப் புகார் எழுத உட்கார்ந்தான் ஆர்னெல். புகாரில் முழுப்பெயர் வேண்டும். ஊழியர் பட்டியலைத் திறக்கப் போனவனுக்குச் சட்டென்று விரல் நின்றது.

அந்த நாட்டில் நடுப்பெயர் என்றால் அம்மாவின் பிறந்தகப் பெயர். அப்பன் யாரென்று பதிவாகாத பிள்ளைக்கு அம்மாவின் குடும்பப் பெயரே கடைசிப் பெயராகிவிடும். நடுவில் எழுத ஒன்றும் இருக்காது. ஒருவேளை அக்காவும் அப்படித்தானோ? அதைப் போய்க் கேட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. மனசில்லாமல் திறந்து பார்த்தான்.

மிலாக்ரோஸ் கபாஹுக் ஹிரோன்.

நடுவில் கபாஹுக் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இப்போது அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. மணி நாலே முக்கால். மறுபடியும் அக்காவிடம் போய் நின்றான்.

"உங்களுக்குத்தான் நடுப்பேர் இருக்கேக்கா! அப்புறம் யாருக்காக மறைச்சீங்க?"

அக்கா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி நான் ஒரு காலேஜ் கவுண்டர்ல இருந்தேன்பா. ஒரு பொண்ணு, அந்த இடத்தை மட்டும் காலியா விட்டு ஃபார்மை நீட்டினா. 'நடுப்பேர் எங்கே'ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுகிட்டா. வரிசை முழுக்கக் கேக்கற மாதிரி இன்னொரு தடவை கேட்டேன். பின்னாடி எவனோ சிரிச்சான். ஃபார்மைப் பிடுங்கிட்டுப் போனவதான், திரும்பி வரவேயில்ல."

ஆர்னெலின் கையிலிருந்த போன் அடித்தது. பதிவாளர்தான்.

"அந்த வரி வராது சார்," என்றான் ஆர்னெல். "பழுது இல்ல, தெரிஞ்சேதான் அப்படிச் செஞ்சிருக்கோம். வேற கம்பெனி பாக்கறதா இருந்தா பாத்துக்கங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கக்கா. ஃபார்ம்ல கட்டாயம்னு போட்டிருந்தா, பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க?"

"போடலையே, ஆர்னெல். அந்த ஃபார்ம்ல அது கட்டாயமே இல்ல. நானாத்தான் கேட்டேன்."