காதில் ஒரு தையல்

நர்ஸ் காதின் பின்பக்கத் தையலைப் பிரித்தபோது அவளுக்குச் சுருக்கென்றது.

மூக்குக்குள் வளைந்திருந்த நடுச்சுவரை நிமிர்த்திக்கொள்ளத்தான் வந்தாள். சிறு வயதிலிருந்தே ஒரு பக்கம்தான் மூச்சு.

அதற்கு எதற்குக் காதில் தையல்?

ஒரு வாரமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். "டாக்டரே சொல்லுவாரு" என்று கணவன் சிரித்துச் சிரித்தே மழுப்பினான்.

டாக்டர் வந்தார். மூக்கின் மேலிருந்த கட்டைப் பிரித்தார். குரலில் உற்சாகம்.

"நுனியில ரெண்டு குருத்தெலும்பும் பருத்து, விலகி இருந்துச்சும்மா. ஓரத்தைச் செதுக்கி, ரெண்டையும் நெருக்கித் தையல் போட்டாச்சு. காதுலேருந்து ஒரு துணுக்கு எடுத்து முனைக்கு முட்டுக் குடுத்திருக்கோம். வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம் ஆகும். அப்புறம் பாருங்க!"

நுனியா?

கண்ணாடியை நீட்டினார்கள்.

வீக்கத்தையும் மீறித் தெரிந்தது. ஒடுங்கி, கூராகி, யாருடைய மூக்கோ.

"சர்ப்ரைஸ்! எப்படி?" என்றான் கணவன். "ஒரே மயக்கத்துல ரெண்டு வேலையும் முடிஞ்சுது. இனிமே போட்டோவுல நீ முகத்தைத் திருப்பிக்க வேணாம்."

அவளாக ஒருநாளும் திருப்பிக்கொண்டதில்லை. திருப்பச் சொன்னவன் அவன்.

மூச்சு இரண்டு பக்கமும் தாராளமாக வந்தது. அதுவும் ஆத்திரமாக இருந்தது.

"நான் கையெழுத்துப் போட்டது மூச்சுக்குத்தானே டாக்டர்?"

டாக்டரின் சிரிப்பு நின்றது. ஃபைலைத் திருப்பி அவளிடம் காட்டினார்.

அவள் கையெழுத்துக்குக் கீழே, வேறு பேனாவில் ஒரு வரி.

'நுனியையும் சீராக்கச் சம்மதம்.'

அவன் கையெழுத்து.

அம்மாவைத் தேடினாள். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அதே பருத்த நுனி. அப்படியே அம்மா ஜாடை என்று பார்ப்பவர்களெல்லாம் சொல்வார்கள்.

அம்மா ஒருத்தி வாயைத் திறந்தால் போதும். இவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அம்மா நிமிரவில்லை.

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள்.

சாட்சி என்ற இடத்தில், எழுத்துக்கூட்டி, கோணலாக இன்னொரு பெயர்.

"ஏம்மா?"

"மாப்பிள்ளை கேட்டாருடி." அம்மாவின் குரல் இறங்கியது. "என்னை மாதிரி நீயும் காலம் பூரா பேச்சு வாங்க வேணாம்னுதான்..."

அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய மூக்கு இனி அங்கே மட்டும்தான்.

அம்மா முந்தானையை இழுத்து, அதையும் மூடிக்கொண்டாள்.