இரண்டாவது ஓட்டுநரின் கையெழுத்து

"அப்போ இந்த வண்டிய நீங்க ஓட்ட முடியாது சார்," என்றாள் வாடகைக் கார் கவுண்டரில் இருந்த பெண்.

பாஸ்போர்ட் இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது. வெளிநாட்டில் வண்டி ஓட்டுவதற்கான பெர்மிட்டைத்தான் காணோம்.

அவர் கைப்பையின் மூன்று ஜிப்பையும் திறந்து மூடினார். பேன்ட் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். ஊரிலேயே மறந்து வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்றார்.

முப்பத்திரண்டு வருடம் வண்டி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பார்த்தவர். ஒரு காகிதம் குறைந்தாலும் போதும், இடிபட்ட லாரியே ஆபீஸ் வாசலுக்கு வந்து அழுதாலும் மசியமாட்டார். எந்த விண்ணப்பத்திலும் ஒரு கொக்கி போடாமல் விட்டதில்லை என்பதால் 'கொக்கி' என்றே அவருக்குப் பெயர். பாஸ்போர்ட்டுக்கு மூன்று நகல் வைத்திருப்பார், நகலுக்கு ஒரு நகல் வைத்திருப்பார். மகள் நாலாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலா போனபோது, அனுமதிக் கடிதத்தைப் புத்தகப் பையில் வைத்தால் தொலைந்துபோகும் என்று, தன் பனியனில் இருப்பது மாதிரியே, சட்டைக்கு உள்பக்கம் ஒரு பாக்கெட் தைக்கவைத்து அதில் போட்டு அனுப்பினார். பிள்ளை திரும்பி வரும்வரை சொறிந்துகொண்டே இருந்ததாம்.

ரிடையரான கையோடு பழைய சகாக்களுடன் சுற்றுலா வந்திருந்தார். மற்றவர்கள் இன்று கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். இவர் மட்டும் கார் எடுக்கப் போகிறேன் என்று வந்துவிட்டார்.

கவுண்டர் பெண்ணுக்குப் பாவமாக இருந்தது. ஒரு வழி சொன்னாள். இந்த ஊர் லைசென்ஸ் உள்ள யாராவது நேரில் வந்து, பாரத்தில் இரண்டாவது ஓட்டுநர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அவர்கள் பெயரில் இன்ஷூரன்ஸ் செல்லும், சாவி கொடுத்துவிடலாம். போனில் சொல்வதெல்லாம் கதைக்கு ஆகாது, ஆள் வந்தாக வேண்டும். ஒரு மணிக்குக் கடையை மூடிவிடுவோம். அப்படி யாராவது இருக்கிறார்களா?

"பொண்ணு இருக்கா," என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை அவர் வாயால் சொல்லி ஆறு வருடம் ஆகியிருந்தது.

மகளின் நம்பரை மகள் தந்ததில்லை. அது மனைவியின் போனில் 'கேஸ் ஏஜென்சி' என்ற பெயரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, மனைவியை மாடிப்படியில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் சிரிக்கவைக்கிற கேஸ் ஏஜென்சி எந்த ஊரில் இருக்கிறது? ஆனாலும் அவர் எதுவும் தெரியாத மாதிரியே இருந்துவிட்டார். கிளம்புவதற்கு முதல் நாள், மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து அந்த நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது அதற்கு மெசேஜ் அடித்தார். வாடகைக் கார் எடுக்க ஒரு கையெழுத்து வேண்டும், லைசென்ஸோடு வரவேண்டும், ஐந்து நிமிட வேலை. கீழே கடையின் முகவரி. நன்றாக இருக்கிறாயா என்று ஒரு வரி எழுதினார். அழித்தார். கடைசியில் 'அப்பா' என்று போடலாமா என்று வெகுநேரம் யோசித்து, போட்டு அனுப்பினார்.

நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. நடைபாதையில் யார் போனாலும் வாயைப் பிளந்தது. ஒவ்வொரு தடவையும் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தார்.

ஆறு வருடத்துக்கு முன் மகளும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ரிஜிஸ்டர் ஆபீஸில், கல்யாணத்தன்று. சாட்சிக் கையெழுத்து ஒன்றே ஒன்று, வந்து போட்டுவிட்டுப் போங்கள் என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் அந்த நேரத்தில் யாருடைய க்ளெய்மையோ திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஆபீஸ் மூடுகிற வரை மகள் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லையாம். கடைசியில் வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடிவந்து போட்டாராம்.

கவுண்டர் பெண் பாரத்தின் மற்ற இடங்களை நிரப்பினாள். கண்ணாடி, டயர், சின்னக் கீறல் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் போடலாமா என்று கேட்டாள். எல்லாவற்றையும் போடச் சொன்னார். எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டாள். அதைக் காலியாக விடச் சொன்னார்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அவள் கடைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

கதவு திறந்தது.

மகள் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவருடைய அதே மூக்கு, அதன்மேல் இப்போது ஒரு கண்ணாடி.

அவர் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கவுண்டருக்குப் போய் லைசென்ஸை நீட்டினாள். நின்றபடியே பாரம் முழுவதையும் வாசித்தாள், கீழே இருந்த பொடி எழுத்தைக்கூட விடவில்லை. கொக்கியின் மகள்.

கையெழுத்துப் போட்டாள். சாவியை வாங்கினாள். பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றாள்.

அவர் எழுந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, கைப்பையின் ஜிப்பை மறுபடி இழுத்து மூடினார்.

அவள் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே ஓட்டுங்கப்பா. பனியன் பாக்கெட்ல இருக்கற அந்த பெர்மிட்ட மொதல்ல வெளிய எடுங்க."

அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கழற்றினார்.