பன்னிரண்டாவது வண்டு

தமயந்தியின் பெட்டியில் பதினொரு சாணவண்டுகள் ஊசியில் நின்றன. ஒவ்வொன்றும் அரை அரிசி அளவு, பதினொன்றும் பெண். இதுவரை யாரும் விவரிக்காத இனம் என்று மூன்று வருடமாக அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த வகையில் ஓர் ஆணையாவது அறுத்து, அதன் இனப்பெருக்க உறுப்பை வரைந்து காட்டினால்தான் புதிய இனம் என்று ஒப்புக்கொள்வார்கள். அதுவரை பெயர் கிடையாது.

இன்று வனக்காவலர் சடையன் ஒரு தீப்பெட்டியோடு வந்தார். உள்ளே கொஞ்சம் யானைச் சாணம், அதில் உயிரோடு ஒரு வண்டு. மேசையில் கொட்டி, லென்ஸில் முன்னங்காலின் வளைவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆண். கொல்வதற்கான மருந்துப் புட்டியைத் திறந்தாள்.

அதற்குள் வண்டு தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் சாணத்தை உருட்டத் தொடங்கியிருந்தது.

"அது வேலைய முடிச்சுக்கட்டுமுங்க மேடம்," என்றார் சடையன்.

காத்திருந்தாள். கடுகளவு உருண்டை. அதைத் தள்ளிக்கொண்டு வண்டு மேசை முழுக்க அலைந்தது. விளிம்புக்கு வந்ததும் திரும்பியது.

"என்ன தேடுது?"

"மண்ணுங்க. பொதைக்கோணுமில்லீங்களா."

தமயந்தி எழுந்துபோய், ஜன்னலோரப் பூந்தொட்டியிலிருந்து ஒரு கை மண் அள்ளி வந்து அதன் வழியில் கொட்டினாள். வண்டு அடியில் தோண்டத் தோண்ட, உருண்டை மெல்ல அமிழ்ந்து மறைந்தது.

"இனி எடுத்துக்குங்க மேடம்," என்றார் சடையன், ஜன்னலைப் பார்த்தபடி.

மருந்தின் நெடி அறையெங்கும் பரவியிருந்தது. அவள் மண்மீது விரலை வைத்தாள். அடியிலிருந்து ஏதோ ஒன்று, மிக லேசாக, அந்த விரலை மேலே தள்ளியது.