பத்தியம் முறித்தவள்

வேலுத்தாய் கருவாட்டுக் குழம்பு தின்ற சேதி, அவள் வரும் ஜீப்பு மலையை விட்டு இறங்குவதற்குள் அவள் புருசன் கன்னையன் காதுக்கு வந்துவிட்டது.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தியபோது ஒதுங்கிப் போய்ப் போன் பண்ணியவள், ஏலத்தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் மொக்கம்மாள்.

"சொல்லக் கூடாதுன்னுதாண்ணே பார்த்தேன். என் தூக்குச்சட்டியில கைய விட்டுத் தின்னுச்சு மதினி. கத்திரிக்காய் போட்ட குழம்பு வேற. பாவம், அதுக்காக நீங்களும்ல வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்கீங்க."

கன்னையன் போனை வைத்தான். அடுப்பில் புளி சேர்க்காத மிளகு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

முதல் தடவை என்றால் பொறுத்துப் போயிருப்பான். இது மூன்றாவது.

தேவாரம் ஊர் வைத்தியர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். இடுப்பு வலி என்றால் வாயு. புளி, கருவாடு, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, பருப்பு எதையும் தொடக் கூடாது. ஒரு மண்டலம் முழுசாக இருந்தால் வலி ஓடிப்போகும். நடுவில் ஒரு வாய் பட்டுவிட்டாலும் இருந்த நாளெல்லாம் வீண். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாள் முழுக்க ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுக்கிறவளுக்கு இடுப்பு வலித்தால், அதற்குக் கத்திரிக்காய் என்ன பண்ணும் என்று தெருவில் ஒருத்தர் கேட்கவில்லை. ஆளுக்கொரு காயைக் குற்றவாளி ஆக்கினார்கள். வாழைக்காய்தான் என்றாள் ஒருத்தி. பிள்ளை பெற்ற உடம்போடு பச்சைத் தண்ணீர் குடித்திருப்பாள் என்றாள் இன்னொருத்தி. எல்லாத் தீர்ப்பும் சுற்றி வந்து அவள் நாக்கில்தான் நின்றது.

கன்னையனும் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்? அடுத்த காய் எடுப்புக்கும் இவள் இப்படிப் பாதியில் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், ஜீப்பில் வேறு ஆளை ஏற்றிக்கொள்வதாகக் கங்காணி சொல்லிவிட்டான்.

ஜீப்பு வந்தது. வேலுத்தாய் கம்பியைப் பிடித்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலுக்காகக் காத்திருந்தாள். வீட்டுப்படி ஏறுவதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

தட்டைக் கொண்டுவந்து வைத்தான். "கருவாடு நல்லா இருந்துச்சா?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கன்னையன் கொட்டித் தீர்த்தான். விடியுமுன் எழுந்து ஆக்கிப் போடுவது யாருக்காக என்றான். ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன் வெறும் ரசச்சோற்றைத் தின்றுவிட்டுப் போவதைப் பார்த்து ஊரே சிரிக்கிறது என்றான். போன ரெண்டு தடவையும் மண்டலம் முடியப் போகிற நேரத்தில்தான் முறித்தாள். இன்றைக்கும் அதே கதை.

"நாளு நெருங்குனாலே ஒனக்கு நாக்கு ஊறுமோ? அம்புட்டு ருசி கேக்குதா?"

"ருசியா?" வேலுத்தாய் சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். "தொண்டையில எறங்கல. தண்ணியக் குடிச்சுத்தான் முழுங்குனேன்."

"பெறகு எதுக்குடி தின்ன?"

அவள் தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"பெரியாஸ்பத்திரியில குனியாதன்னுட்டாக. அது நம்மளால ஆகாது. ஊசி போட்டுப் பாத்தாச்சு, தைலம் தேச்சுப் பாத்தாச்சு. மிச்சம் இந்தப் பத்தியம் ஒண்ணுதான். அதுவும் முடியப்போகுது. வலி ஒரு பொட்டுக் கொறையல."

கன்னையனுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அதுக்கு?" என்றான், குரல் இறங்கி.

"முறிச்சுட்டா நாளைக்கு மறுபடியும் முதல் நாளு. முழுசா முடிச்சும் போகலைன்னா, அப்புறம் எதைய்யா நம்பி நான் அந்த ஜீப்புல ஏறுவேன்?"