பனிக்கொக்கு

"அந்தப் பையனுக்கு ஒரு கப் சூப் வாங்கிட்டு வா, ஆர்லன். சூடா இருக்கட்டும்" என்றாள் மார்லிஸ்.

ஆர்லன் மறுபேச்சில்லாமல் கிளம்பினான். இன்னொருவருக்காக அவள் வாய் திறந்து ஒன்று கேட்டு இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஹார்லோ ஊருக்குப் பனிச்சிற்பம் பார்க்கப் போகலாமா என்று காலையில் அவளாகவே கேட்டபோது, எங்கே மனசு மாறிவிடுவாளோ என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போய் வண்டியைக் கிளப்பியவன் அவன்.

மகள் பிரிட்டா போனதிலிருந்து அந்த வீட்டில் பேச்சு என்பது உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில் நின்றுபோயிருந்தது. கல்லூரி விடுமுறைக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்த பெண். தார்ச்சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து கிடந்த பனியில் எதிரே வந்த பால் லாரி சறுக்கி அவள் கார்மேல் மோதிவிட்டது. யார் மேலும் தப்பில்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அதற்கு மார்லிஸ் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஆர்லன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

மாதா கோயில் பெண்கள் போட்டிருந்த கூடாரத்தில் காட்டரிசி சூப் ஆவி பறந்தது. ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு திரும்பினான். கடைத்தெரு நெடுக கரடி, கோட்டை, கடற்கன்னி என்று பனிக்கட்டிகள் வெயிலில் மின்னின. மார்லிஸ் அவை எதையும் நின்று பார்க்கவில்லை. கடைசியில், வங்கி முனையில், ஒல்லியான ஒருவன் தனியாகக் கொக்கு செதுக்கிக்கொண்டிருந்த இடத்தில்தான் வந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தாள்.

அவனுக்கு பிரிட்டாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பிள்ளை வயதில் ஒருவனைப் பார்த்ததும் தாய் மனசு இளகிவிட்டது என்று ஆர்லன் நினைத்துக்கொண்டான்.

"இந்தா தம்பி, குடி. கையில கிளவுஸ் எங்க?"

"நனைஞ்சு போச்சு, சார். பரவால்ல." அவன் கொக்கின் கழுத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"என்ன பரவால்ல? விரலெல்லாம் உதிர்ந்தப்புறம் கொக்கை வாயால செதுக்குவியா?"

மார்லிஸ் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்று ஆர்லனுக்குத் தோன்றியது. அந்த உற்சாகத்தில் சூப் கப்பை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன்னுடைய தோல் கிளவுஸைக் கழற்றினான். வேண்டாம் என்று பின்வாங்கியவனின் கையைப் பிடித்து இழுத்து, சிவந்து விறைத்திருந்த விரல்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டான். பிறகு ஒவ்வொரு கையாக மாட்டிவிட்டான். பையன் உளியை எப்போதோ கீழே போட்டிருந்தான்; இரண்டு கையையும் நீட்டியபடி அப்படியே நின்றான்.

"இதுதான் உனக்குத் தொழிலா?"

"முன்ன வேற வேலை பார்த்தேன், சார். விட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு. இந்தக் கைக்கு இதுதான் சரி."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. "காத்து, சார்" என்று தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கிளம்பும்போது மார்லிஸ் அவன் கோட்டின் கையை ஒருமுறை தொட்டாள். "நீங்க வந்ததே பெருசு, மிஸஸ் லிண்டால்" என்றான் அவன், முன்னே நடந்துவிட்ட ஆர்லனுக்குக் கேட்காதபடி அடித்தொண்டையில். அவள் தலையசைத்துவிட்டு நடந்தாள்.

ஊர் எல்லை தாண்டும்வரை ஆர்லனே பேசிக்கொண்டு வந்தான். கரடிக்கு ஒரு காது சின்னது என்றான். சூப்பில் மிளகு போதவில்லை என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் குரல் அவனுக்கே புதிதாகக் கேட்டது.

"நல்ல பையன், மார்லிஸ். பாவம், ஏதோ மனசுல போட்டுக் குமையுறான் போல. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவோமா?"

"கூப்பிடுவியா?"

"ஏன் கூப்பிட மாட்டேன்?"

"கொஞ்சம் ஓரமா நிறுத்து, ஆர்லன்."

நிறுத்தினான். இருபுறமும் வயல்கள் வெள்ளையாகக் கிடந்தன. அவள் அவனுடைய வெறுங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அந்த பால் லாரிய ஓட்டினது அவன்தான்."